கத்தரியின் தந்தை

மதுரையில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். மரபியல் பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். வேறுபட்ட இரண்டு ரகங்களைக் கலந்தால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவற்றின் விதையை மறுபடி விதைத்தால், மறைந்து கிடந்த பண்புகள் பிரிந்து வெளியே வரும். பலகையில் கட்டம் போட்டுப் பட்டாணியை உதாரணம் காட்டுவேன். பட்டாணிச் செடியை நேரில் பார்த்ததில்லை. பரீட்சையில் அதைக் கேட்பதில்லை என்பதால் அது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

ஐம்பது வயதில் எனக்குப் புது ரகம் உருவாக்கும் ஆசை வந்தது. எங்கள் ஆய்வக உதவியாளரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குக் கீழக்குயில்குடியில் நிலம் உண்டு. அங்கே விளையும் பச்சைக் கத்தரிக்கு ருசி அதிகம், காய்ப்பு குறைவு. நர்சரியில் வாங்கிய ஊதாக் கத்தரி கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். வாயில் வைத்தால் வைக்கோல். இரண்டையும் அவனியாபுரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் வளர்த்தேன். மொட்டு விரிவதற்கு முந்தின சாயங்காலம் புருவம் திருத்தும் இடுக்கியால் மகரந்தப் பைகளைப் பிடுங்கி, காகித உறை மாட்டி, மறுநாள் காலை மற்ற செடியின் மகரந்தத்தைத் தடவினேன். என் மனைவி இரண்டு வாரம் இடுக்கியைத் தேடினாள்.

அந்த விதையில் முளைத்த செடிகள் அத்தனையும் அச்சில் வார்த்ததுபோல இருந்தன. ஊதாக் காய், நல்ல காய்ப்பு, ருசியும் பரவாயில்லை. தெருவுக்கே கொடுத்தேன். குடியிருப்போர் சங்கத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். தெருமுனையில், கையில் கத்தரிக்காயோடு நான் சிரிக்கும் ஃபிளெக்ஸ் எழுந்தது. கீழே ‘கத்தரியின் தந்தையே’ என்று எழுதியிருந்தது. அந்த மகிழ்ச்சியில், முற்றிய காய்களின் விதையை எடுத்துப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு வீடு கொடுத்தேன். அக்காவும் ஒரு கை நிறைய வாங்கிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்துச் சங்கச் செயலாளர் ஒரு பையோடு வந்தார். பையில் பச்சைக் காய், வெள்ளைக் காய், ஊதாவில் நெட்டை, ஊதாவில் உருண்டை எல்லாம் இருந்தன. சிலது கசந்ததாம்.

“தந்தைன்னு போட்டோம் சார். பிள்ளைக ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே.”

நான் ஒரு தாளில் கட்டம் போட்டுக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது எனக்கு எப்போது தெரியவந்தது என்று விசாரித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நடத்துகிறேன் என்றேன்.

“அப்ப விதை குடுக்கையில சொல்லியிருக்கலாமே சார்.”

அந்த வாரமே ஃபிளெக்ஸை இறக்கி யாரோ மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டுவிட்டார்கள்.

அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கீழக்குயில்குடிக்குப் போனேன். ஒரு பாத்தி முழுக்க விதைத்திருந்தார். அங்கேயும் அதே கலவரம்தான். ஆனால் ஏழெட்டுச் செடிகளில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஒவ்வொரு செடியிலும் ஒரு காய் சமைத்துப் பார்த்தாராம். பச்சைக் காயாக, ருசியாக, நிறையக் காய்ப்பதாக இருந்தவற்றுக்குத் துணி. மற்றவை சந்தைக்கோ மாட்டுக்கோ.

ஆய்வகத்திலிருந்து மீந்த காகித உறைகளை எடுத்துப் போய், வண்டு வேறு மகரந்தம் கொண்டுவராமல் பூவையும் மூடி வைத்திருந்தார். என் வகுப்பு நடக்கும்போது அவர் பின்னால் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பரீட்சை எழுதியவர்களில் யாரும் இதைச் செய்ததாக எனக்குத் தகவல் இல்லை. நானும் செய்யவில்லை.

துணி கட்டிய செடிகளின் விதையை மட்டும் அடுத்த போகம் போட்டார். மறுபடி தேர்ந்தெடுத்தார். இப்படி ஐந்தாறு போகம். இப்போது அவர் பாத்தியில் பிசகிப் போகிற செடி அபூர்வம்.

போன மாதம் கூச்சத்தை விட்டு அவரிடமே விதை கேட்டேன். தாளில் மடித்துக் கொடுத்தார்.

“போட்டு, காயைப் பாத்துட்டு, அப்புறமா தெருவுக்குக் குடுங்க சார்” என்றார்.