வீரம்மாள் பிடித்த ஏர்

மருங்காபுரிக்குத் தெற்கே, கரட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் காத்தானுக்கு. சரிவும் பாறையுமான இடம், டிராக்டர் ஏறாது. மாடு கட்டித்தான் உழ வேண்டும். முப்பது வருஷமாக அவர் உழுவார், மனைவி வீரம்மாள் பின்னாலேயே நடந்து ஏர் கீறிய சாலில் கடலை விதை போடுவாள். களையெடுப்பும் செடி பிடுங்குவதும் அவள் பாடு. மாடுகளுக்குத் தீனி வைப்பவளும் அவள்தான். ஏரை மட்டும் தொட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், சித்திரையில், காத்தானுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. திருச்சியில் இருபது நாள் வைத்தியம் பார்த்தும் கட்டிலோடு கட்டிலானார்.

ஆடியில் நல்ல மழை. உழுது தரச் சொல்லிப் பக்கத்து நிலத்து அம்மாசியிடம் போய் நின்றாள் வீரம்மாள்.

"என் காடு முடியட்டும் வீரம்மா. பத்து நாளாவது ஆவும்."

"அதுக்குள்ள ஈரம் காஞ்சிருமேண்ணே."

அம்மாசி மாடுகளை ஓட்டிக்கொண்டு தன் காட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிந்ததும் அவளே மாடுகளைப் பூட்டினாள். முதல் சால் கோணிக்கொண்டு போனது. ஒரு சால் ஓட்டியதும் மாட்டை நிறுத்துவாள்; திரும்ப வந்து விதை போடுவாள்; மறுபடி ஏரைப் பிடிப்பாள். வீட்டில் காத்தான் கேட்டதற்கு "அம்மாசியண்ணன் உழுறாரு" என்று சொல்லிவைத்தாள். நான்கு நாளில் வேலை முடிந்தது. உள்ளங்கை இரண்டும் கிழிந்து போயிருந்தன.

அன்று மாலை அம்மாசி காத்தானைப் பார்க்க வந்தார். "பொம்பள ஏர் புடிச்சா மழை தங்காதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காத்தான் அவளைக் கூப்பிட்டார். "நான் இன்னும் சாவலடி. ஊரு முன்னாடி என்னைய உசுரோட பொதச்சிட்டியே."

"வெதைக்காம வுட்டா என்னத்தங்க திங்கிறது?"

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் அவள் கையால் கஞ்சி வாங்கவில்லை.

கடலை நன்றாகவே முளைத்தது. ஆவணியில் ஒரு நாள் களையெடுத்துவிட்டு வந்தபோது கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. படுத்த இடத்திலிருந்தே காத்தான் ஆள் விட்டு மாடுகளை விற்றிருந்தார்.

"இனி நீ உழ வேண்டியதில்ல" என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார். வீரம்மாள் துணியை நனைத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் காத்தான் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் அவள் ஒருத்தியாகவே செடி பிடுங்கினாள். நல்ல விளைச்சல்; வந்த பணம் வைத்தியக் கடனுக்குப் போனது.

இப்போது உழ மாடில்லாமல் அந்த நிலம் தரிசாகக் கிடக்கிறது. மழை பெய்தால் அம்மாசி காட்டுக்கு அவள் கூலிக்குக் களையெடுக்கப் போகிறாள்.