சுண்ணாம்பு மலையும் ஆறு நாளும்

இன்று காலையும் மலையில் வெடி வைத்தார்கள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செமோர் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகளைச் சிமெண்டுக்காக உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தூசி வாடை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு வாலிப வயது திரும்பிவிடுகிறது.

அப்போது மலாயாவில், ஈப்போவில் ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலை. கோட்டும் தலைப்பாகையுமாக நான் திரிந்த கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். அந்த மலைக் கல்லில் சிப்பி பதிந்திருக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "இது கடலா இருந்த இடம்டா. லட்சக்கணக்கான வருசம் ஆச்சு" என்று சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

அந்தச் சமயத்தில்தான் எனக்கும் எஸ்தருக்கும் எங்கள் சபைக் கோவிலில் ஓலை வாசித்தார்கள். எஸ்தர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாரின் மகள். ஓலை என்றால் என்ன என்கிறீர்களா? மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பேரை வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு மட்டும் இரண்டாம் ஞாயிறு சபை மூப்பர் எழுந்துவிட்டார்.

"தடை இருக்கு ஐயா. ஆண்டவர் ஆறு நாள்ல உலகத்தப் படைச்சாருன்னு வேதம் சொல்லுது. இவரு லட்சம் வருசம்னு சொல்லிக் குடுக்குறாரு. அந்தச் சிப்பி நோவா காலத்து வெள்ளத்துல வந்தது. வேதத்தை நம்பாதவருக்கு நம்ம பொண்ணா?"

போதகர் என்னைப் பார்த்தார். சொன்னது தப்பு என்று நான் ஒத்துக்கொண்டால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. ஐயோ, அந்த நிமிஷம்! எஸ்தர் வேண்டும். ஆனால் மறுநாள் அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது?

பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுந்து மூப்பரைப் பார்த்தாள். "சிப்பிய நானும் பாத்தேன் மாமா. ஆண்டவரோட ஒரு நாளு எவ்வளவு நீளம்னு நமக்கென்ன தெரியும்? அவரு மெதுவாப் படைச்சா நமக்கென்ன அவசரம்?"

பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "அது சரி, நீ எப்பம்மா மலைக்குப் போன? யாரோட?"

என்னோடுதான். கல்யாணத்துக்கு முன்னே, தனியாக! அவ்வளவுதான், சிருஷ்டியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கிராணியார் முகம் கறுத்தது. தடை சொன்ன மூப்பரே, "சீக்கிரம் முடிச்சிடுங்க ஐயா" என்றார்.

கல்யாணமான பிறகு அவளுக்கு நன்றி சொல்லப் போனேன். "சபையிலதான் உங்க பக்கம். வீட்டுல ஆறு நாள்தான்லா" என்றாள். அடிப்பாவி! அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, நாற்பது வருஷம் ஓடியது. சோறு ஆறிப்போகும், அவளும் விடமாட்டாள், நானும் விடமாட்டேன்.

எஸ்தர் போய் ஒரு வருஷமாகிறது. இப்போது நான் என்ன சொன்னாலும் இல்லை என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. நான் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது. தாங்க முடியவில்லை.