மெஹருன்னிசா டைப் அடிக்க மறுத்த பதில்

மெஹருன்னிசா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் இலக்கிய வட்டத்தின் செயலாளர். சொன்ன கையோடு, மயிலாப்பூரில் இரங்கல் கூட்டத்துக்கு ஹால் பிடித்தாகிவிட்டது, தலைவர் விரிவாகப் பேசுவார், உங்களுக்கு ஐந்து நிமிஷம் என்றார். அந்த ஐந்து நிமிஷத்தையும் தலைவரே வைத்துக்கொள்ளட்டும். அவளை உண்மையாகவே அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

கல்லூரி ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேஜை அவளுடையது. கானா நாட்டுப் பெண் எழுத்தாளர் ஒருவரின் நாவலைப் படித்துவிட்டு, என்னையும் படிக்க வைத்துவிட்டு, அதைத் தமிழில் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று துடித்தாள். அதற்கு எழுத்தாளரின் அனுமதி வேண்டும், வெளியிட ஆள் வேண்டும். புத்தகத்தை வட்டமே போடும் என்று தலைவர் வாக்குக் கொடுத்தார். இன்டர்நெட் வந்த புதிது. மின்னஞ்சல் அனுப்பி அனுப்பி, கம்ப்யூட்டர் வழியாக எங்களோடு ஒரு மணி நேரம் பேச அந்த அம்மாளைச் சம்மதிக்க வைத்தாள்.

தி.நகரில் ஒரு பிரௌசிங் சென்டர். எங்கள் மேதைகள் அங்கேயும் மேடை போட்டுவிட்டார்கள். தலைவர் வரவேற்புரையைத் தமிழில் சொல்லச் சொல்ல, மெஹர் ஆங்கிலத்தில் டைப் அடிக்க வேண்டும். சங்க காலத்தில் தொடங்கியவர் ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு பொன்னாடையைப் பிரித்து மானிட்டர் மேல் போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். கடைக்காரர் ஓடி வந்து, "இன்னா சார் இது, சூடாயிடும், எட்த்துடுங்க" என்று உருவிக்கொண்டு போனார்.

கேள்விகள் அதைவிடக் கேவலம். ஒருவர் சிங்கத்தைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் உங்கள் ஊரில் அச்சகம் உண்டா என்றார். அந்த அம்மாள் பொறுமையாகப் பதில் போட்டுவிட்டு, ஒன்றே ஒன்று திருப்பிக் கேட்டார்: என் நாவலை உங்களில் யார் யார் படித்திருக்கிறீர்கள்?

மெஹர் அதைத் தமிழில் சொன்னதும் எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் படிச்சிருக்கோம்னு போடும்மா."

மெஹர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து என்னைக் காட்டினாள். "நானும் இவங்களும்தான் சார் படிச்சிருக்கோம். அதைத்தான் போடுவேன்."

"அப்ப உன் புஸ்தகத்தை யார் போடறாங்கன்னு நான் பாக்கறேன்."

உள்ளதை உள்ளபடியே டைப் அடித்தாள். அந்த அம்மாளின் அனுமதி அன்றே திரையில் வந்துவிட்டது. புத்தகம்தான் வரவில்லை. தலைவர் வாழ்க்கையில் சொன்னபடி செய்தது அந்த ஒன்றைத்தான். மெஹர் ஒவ்வொரு பதிப்பகமாகப் படி ஏறினாள். ஆப்பிரிக்காவா, யார் வாங்குவா என்று அனுப்பிவிட்டார்கள். "படிக்காதவன் போட்டு வர்றதுக்கு, வராமலே இருக்கட்டும்" என்பாள். படுக்கையில் விழுந்த பிறகும் மொழிபெயர்ப்பின் கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிரதியை அவள் தம்பி என்னிடம் தந்திருக்கிறார். நேற்று செயலாளர் மறுபடி போன் செய்தார். தலைவர் முன்னுரையோடு வட்டமே அதை வெளியிடுமாம். மெஹர் 'நம்மில் ஒருத்தி'யாம். முதலில் தலைவர் படிக்கட்டும், அப்புறம் பேசலாம் என்றேன்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "முழுசாவா மேடம்?"

தர முடியாது என்று சொல்லிப் போனை வைத்தேன். மெஹர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பிடிவாதம்தான்.