எங்கள் தெருவின் இரண்டாவது தையல் மிஷின்

கணக்கெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் சாமான்கள் இடம் மாறும். டிவி தங்கை வீட்டுக்குப் போகும், ஆடுகள் வயல் பக்கம் போகும். எதைச் சொன்னால் எது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. தற்சார்புப் பொருளாதாரம் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதிய எனக்கும் தெரியாது.

இந்த முறை சுயதொழில் திட்டத்துக்கு என்றார்கள். சின்னசேலத்தில் கடை வேலையில் இருக்கும் கணவர் போனில் பதறினார்.

"தையல் மிஷின எங்கனா தள்ளி வையி. அரிசி கார்டு போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

எதிர்வீட்டு அக்கா தனியாள். தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார். அவர் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். அவர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று மிஷினை அங்கே வைத்துப் போர்வையால் மூடினேன்.

மிஷின் இல்லாதவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்களாம் என்று கேள்விப்பட்டு, அக்கா பாதி வேலையில் ஓடி வந்துவிட்டார். கணக்கெடுக்கும் பெண்ணை அவரே கூட்டிவந்து தன் வீட்டுக் கதவைத் திறந்தார்.

"மிஷின் இருக்குதே" என்று அந்தப் பெண் டேப்லெட்டில் தட்டினாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கார்டு நினைவுக்கு வந்தது. அவள் அடுத்த கேள்விக்குப் போன பிறகுதான் சொன்னேன். "அது எங்களுதுங்க."

"ஏத்தியாச்சு, அழிக்க முடியாதுங்க. உங்க வூட்லயும் ஒண்ணு போட்டுக்கறேன்."

எங்கோ உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களின் கணக்கில் எங்கள் தெருவுக்கு இப்போது இரண்டு மிஷின்கள்.

அவள் போனதும் அக்கா கேட்டார். "எனக்கு வந்துடப் போவுதுன்னுதானே கொண்டாந்து வெச்ச?"

"சத்தியமா இல்லக்கா."

"வுடு. மிஷினு என்னுதுன்னு கவர்மெண்டே எழுதிக்கினு போயிடுச்சு. இங்கயே கெடக்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் மிஷினைத் தூக்கவில்லை.

எங்கள் கார்டு நிற்கவில்லை. அக்காவுக்கு மிஷின் வரவில்லை. ஜாக்கெட் தைக்க நான்தான் அவர் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறந்துவிடுகிறார், பேசுவதில்லை.

மிஷின் இல்லாதவர்களுக்குத்தான் தருவார்கள் என்று, கணக்கெடுக்க வந்ததற்கு முந்தைய வாரம் மகளிர் குழுக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அப்போது குழந்தை அழுதுகொண்டிருந்தது. எனக்குக் கேட்டதா, கேட்கவில்லையா என்று எத்தனை யோசித்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.