பச்சைக் களிம்பு

சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றியதில் என் வலது கால் பெருவிரலின் அடியில் கொப்புளம் வந்து புண்ணாகிவிட்டது. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம். கல் கொதித்தது எனக்குத் தெரியவே இல்லை. மாதங்கள் ஓடியும் புண் மூடவில்லை. மந்தைவெளியிலிருந்து அடையாறில் ஒரு மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவேன். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் என்னைப் பார்த்துவந்த பெண் மருத்துவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். வெட்டுக்காயப் பச்சிலையின் சாறு சேர்த்த களிம்பு. வழக்கமான சிகிச்சையோடு இதையும் தடவ வேண்டும். ஆனால் பாதிப் பேருக்குச் சாறில்லாத வெறும் களிம்புதான் கிடைக்கும். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. கண்டுபிடிக்க முடியாதபடி இரண்டுக்கும் ஒரே பச்சை நிறம். விரல் போய்விடுமே என்ற பயத்தில் சரி என்றேன்.

அன்றிலிருந்து கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் புண் பச்சையாகத்தான் இருக்கும். ஒருநாள் காலை அதன் விளிம்பு கறுத்திருந்தது. சாயமா, சதை அழுகுகிறதா, தெரியவில்லை. என் மனைவி குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"வலிக்கறதா?"

"இல்லை."

"வலிச்சாத் தேவலையே," என்றாள்.

உடனே ஆட்டோ பிடித்தோம். திரு.வி.க. பாலத்தில் நெரிசல். பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்த ஓட்டுநரின் வெறுங்காலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் உப்புநீர் ஊற்றிக் கழுவினார். பச்சை வழிந்து போனது, கறுப்பு போகவில்லை. சிறு கத்தியால் சுரண்டினார். ரத்தம் கசிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார். ரத்தம் வருது பாருங்க, அடியில நல்ல சதை. கறுப்பா இருந்தது காய்ஞ்ச தோல்தான்."

மனைவி சுவரில் சாய்ந்தபடி அழுதுவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் புண் மூடியது, விரல் தப்பியது. எனக்குக் கிடைத்தது எந்தக் களிம்பு என்று மருத்துவரிடம் கேட்டேன். எல்லோருக்கும் சிகிச்சை முடிந்த பிறகுதான் யாருக்கு எது என்ற பட்டியலைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்றார். இன்னும் தகவல் இல்லை. இலை என்னைக் காப்பாற்றியதா, தானாக ஆறியதா? தெரியாததால், இன்னொரு புண் வந்தால் எதை நம்புவது என்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்கிறேன். குளியலறை ஈரத்தில் கழற்றும் அந்தக் கொஞ்ச நேரமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.