வேலையாள் ஒருவர்

அம்மாவின் தையல் டப்பாவில் சிவப்பு நூல் சுற்றிய பச்சை அட்டை ஒன்று கிடந்தது. டப்பா பழைய பிஸ்கட் டப்பா. அட்டை நல்ல கெட்டி, உள்ளங்கை அகலம். நூல் குறையக் குறைய அடியில் டைப் அடித்த எழுத்துகள் எட்டிப் பார்க்கும். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மனைவி ஒருவர், பிள்ளைகள் மூவர், வேலையாள் ஒருவர். எழுபதுகளில் ரயில்வே ஊழியரின் குடும்பத்துக்குக் கொடுத்த பயணப் பாஸ் அது. மனைவி என்றிருப்பது என் பெரியம்மா. பிள்ளைகள் மூவரில் இருவர் அவர் பெற்ற மகன்கள், மூன்றாவது நான். வேலையாள் என் அம்மா.

எழுதியவர் பெரியப்பா, என் அப்பாவின் அண்ணன். கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது விபத்தில் போய்விட்டார். பெரியப்பா எங்கள் இருவரையும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். தம்பி குடும்பத்தைக் கைவிடாத மனிதர் என்று ஊரே மெச்சியது. அந்த மெச்சலை அவர் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். அம்மா சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பதை அவர் யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து, வந்ததை அப்படியே பெரியம்மா கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நேர்மையானவர் என்று அவரே சொல்லுவார். ஆபிஸ் பென்சிலைக் காதில் செருகியபடி வீட்டுக்கு வந்துவிட்ட ஒருநாள், சட்டையைக்கூடக் கழற்றாமல் திரும்பி நடந்து போய் வைத்துவிட்டு வந்தார். அதை ஆண்டுக்கணக்கில் எங்களுக்குச் சொன்னார். அவர் வாயில் எப்போதும் இருந்த வாக்கியம் ஒன்றுதான்: "ரெக்கார்டுல உள்ளபடி இருக்கணும்." பால்காரன் கணக்கு, மகன்களின் ரிப்போர்ட் கார்டு, சாமி படங்களின் வரிசை, எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொய் எழுதினார். அந்தப் பொய் அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழியைத்தான் சொல்ல வருகிறேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அவர்கள் சிங்கப்பூரில் இருந்த பெரியம்மாவின் தம்பி வீட்டுக்கு இரவு ரயிலில் போவார்கள். மனைவி மக்களுக்குப் படுக்கை வண்டியில் இலவசம். கூட வரும் வேலையாள் ஒருவருக்கு உட்காரும் வண்டியில் கால் கட்டணம். வளர்க்கும் பிள்ளை என்று எனக்கு விதிப்படி இடம் இருந்தது, தம்பியின் விதவை மனைவிக்கு அந்த அட்டையில் இடமே இல்லை. முழு டிக்கெட் எடுத்திருந்தால் அவர் சொத்து ஒன்றும் அழிந்திருக்காது. ஆனால் சலுகை என்று ஒன்று இருக்கும்போது முழுக் காசு கொடுப்பது அவருக்குப் பாவம். அங்கே போய்ச் சமைக்க, பிள்ளைகளைப் பார்க்க, அம்மாவும் வேண்டும். எனவே எழுதிவிட்டார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்த புதிது. கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாக வாசிப்பேன். மேசையில் இருந்த அட்டையை எடுத்து விரல் வைத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும், "சர்வன்ட், ஒன்" என்றேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "அப்படின்னா?" என்று கேட்டாள். எனக்கு அர்த்தம் தெரிந்திருந்ததில் ஒரே பெருமை. "வேலைக்காரிம்மா" என்றேன். அம்மா அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். செய்தித்தாளைத் தாழ்த்திய பெரியப்பா, "சும்மா பேப்பருக்குத்தான் லா, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே" என்றார். அம்மா தலையாட்டிவிட்டு ஃபிளாஸ்க் கழுவப் போனாள்.

படுக்கை வண்டியில் பச்சைத் திரைகள் தொங்கும். வெளுத்த விரிப்பு, சின்னத் தலையணை, தலைமாட்டில் ஒரு குட்டி விளக்கு. எனக்கு அந்தப் படுக்கை மிகவும் பிடித்திருந்தது. அதை மறைத்தால் நானும் பெரியப்பா ஜாதிதான். நான் மகளாகப் படுத்திருக்க, அம்மா நாலைந்து வண்டி தள்ளி மரப்பலகையில் உட்கார்ந்து வந்தாள். ரயிலில் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். விடிந்ததும் மைலோ கலக்கவும் எனக்குத் தலை பின்னவும் அவள் எங்கள் வண்டிக்கு வந்தாள். டிக்கெட் பரிசோதகர் பக்கத்தில் நிற்கும்போது வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டுவிட்டேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், குழந்தைக்கு ஆயாவிடம் அவ்வளவு ஒட்டுதல் என்றார். பரிசோதகரும் சிரித்தார். அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு, பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பினாள். சிங்கப்பூரில் நான் பாதிப் பின்னலோடுதான் இறங்கினேன்.

வேறு ஒருவராக இருந்தால் ஊர் திரும்பியதும் மறந்திருப்பார். பெரியப்பாவால் முடியவில்லை. ரெக்கார்டில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருப்பதை அவர் மனம் ஒப்பவில்லை. அட்டையைத் திருத்துவது நடக்காத காரியம், வீட்டைத் திருத்தலாம் அல்லவா? துணி துவைக்க வந்துகொண்டிருந்த பெண்ணை அடுத்த மாதமே நிறுத்தினார்கள். அம்மாவின் பாய் கூடத்திலிருந்து சமையலறைக்கு அடுத்த சின்ன அறைக்குப் போனது. அவள் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, "யாரங்க, தண்ணி" என்று ஆரம்பித்தார். விருந்தாளிகள் கேட்டால், "ஒத்தாசைக்கு வீட்டோட இருக்காங்க" என்பார். ஆண்டுதோறும் புது அட்டை, ஆண்டுதோறும் அதே வரி. ஐந்தாறு ஆண்டுகளில் அந்த வரி முழு உண்மையாகிவிட்டது. டிக்கெட்டில் நாலு காசு மிச்சம் பிடிக்கச் சொன்ன பொய்யை, வீட்டுக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்து மெய்யாக்கிய உத்தமர் அவர். இப்படிப்பட்ட நேர்மைக்குத் திருட்டுப் பயலே தேவலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

எனக்குப் பதினைந்து வயதானபோது அம்மா கிள்ளானில் ஒரு தையற்கடையின் பின்னறையை வாடகைக்குப் பிடித்தாள். குவார்ட்டர்ஸிலிருந்து எங்கள் துணிமணி, தையல் மெஷின், பிஸ்கட் டப்பா, இவ்வளவுதான் எடுத்து வந்தோம். காலாவதியான பாஸ் ஒன்று டப்பாவுக்குள் இருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். நூல் சுற்ற வசதியாக இருக்கும் என்று எடுத்தேன் என்றாள். படிப்பு முடிந்து நான் ரயில் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பரீட்சை எழுதிச் சேர்ந்தேன். பெரியப்பா தம் சிபாரிசு என்று சொல்லித் திரிந்தது பொய். அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தால் மனிதர்களின் மேல் மரியாதை தங்குவது கஷ்டம். மீசை அரும்பிய மகனைக் குனிந்து நிற்கச் சொல்லிப் பாதி டிக்கெட் கேட்கும் அப்பாக்களை எவ்வளவோ பார்த்துவிட்டேன். அவர்கள்கூட வண்டி ஏறியதும் மகனை நிமிர விட்டுவிடுவார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு காலை பெரியப்பா என் கவுண்டருக்கு வந்தார். வரிசையில் நிற்காமல், "மகளைப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். பெரியம்மா காலமாகிவிட்டார். மகன்கள் இருவரும் ஆஸ்திரேலியாவில். சிங்கப்பூரில் பெரியம்மாவின் தம்பி மகனுக்குக் கல்யாணம். இரவு ரயிலில் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். முதியவர்களுக்கு அப்போது ஒரு சலுகை இருந்தது: கூட வருபவர் குடும்பத்து ஆளாக இருந்தால் இருவருக்குமே கட்டணக் குறைவு, இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். "உங்கம்மாவ வரச் சொல்லும்மா. தம்பி பெண்சாதி, ஃபேமிலிதானே" என்றார். அம்மாவைப் பற்றி அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

அம்மாவிடம் சொல்லும்போதே வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். "வரேன்னு சொல்லு" என்றாள். மறுபடியும் அந்த ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போகப் போகிறாளா என்று அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் பாட்டுக்கு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

சொன்ன நாளில் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். பெரியப்பா சலுகை ஃபாரத்தில் தம் பகுதியை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். நான் பேனாவை வைத்துக்கொண்டு, "உறவுமுறை என்னன்னு எழுதணும்மா" என்றேன்.

"வேலைக்காரின்னு எழுது" என்றாள்.

பெரியப்பா சிரிக்கப் பார்த்தார். "என்ன பழசெல்லாம் பேசிக்கிட்டு. அது சும்மா பேப்பருக்கு எழுதினது லா."

அம்மா கைப்பையைத் திறந்து அந்தப் பச்சை அட்டையைக் கவுண்டர் மேல் வைத்தாள். நூலை ஒருபக்கமாக ஒதுக்கி, நான் அன்று விரல் வைத்த அதே இடத்தில் விரலை வைத்தாள். "ரெக்கார்டுல உள்ளபடி இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க மாமா" என்றாள். குரல் உயரவே இல்லை.

பெரியப்பா குனிந்து வாசித்தார். தாம் டைப் அடித்ததை அவர் மறந்திருக்க முடியாது. ஆனாலும் இரண்டு முறை வாசித்தார். வேலையாளுக்கு இப்போது சலுகை கிடையாது என்று நான் சொன்னேன். "அப்ப மாமாவுக்கு மட்டும் ஒரு டிக்கெட் போதும்" என்று அம்மா அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவருக்கு மேல் படுக்கையைக் கொடுக்க என் கை துறுதுறுத்தது. கீழ்ப் படுக்கைதான் கொடுத்தேன். அவர் தனியாகப் போனாரா, டிக்கெட்டை வீணாக்கினாரா, தெரியாது. நான் விசாரிக்கவில்லை. சில ஆண்டுகளில் அவரும் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் எல்லோரும் அந்தப் பென்சில் கதையைத்தான் சொன்னார்கள்.

போன வாரம் டப்பாவில் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. அட்டை முழுதும் வெளியே தெரிந்தது. பச்சை வெளுத்துவிட்டது, எழுத்து வெளுக்கவில்லை. இனியாவது இதைத் தூக்கிப் போடு என்றேன். "நல்ல கெட்டி அட்டை, எதுக்குப் போடணும்?" என்றாள் அம்மா. கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு புது நீல நூற்கண்டைப் பிரித்தாள். முதல் சுற்றை அந்த வரியின் மேல்தான் போட்டாள்.