ஒற்றைக் கம்பியில் ஐந்து வேளை

1948 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். வானத்தில் ஒரு முகில் இல்லை, காற்றும் இல்லை. மழை பெய்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. எத்தாளையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வாப்பா டெலிபோன் பெட்டியின் கைபிடியைப் பன்னிரண்டு தரம் சுற்றினார். இரண்டு மைலுக்கு அப்பால், கடலோரத்தில் தேங்காய் காயவைக்கும் கொப்பறா வாடியில் இருந்த சாச்சா பேசினார்தான். ஆனால் கேட்டது காதோரம் பறக்கும் நுளம்பின் சத்தம் போன்ற ஒன்று. வாப்பா மற்றக் காதிலும் வைத்துப் பார்த்தார். பிறகு லைன்மேனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சாச்சா வாப்பாவின் தம்பி; வாப்பாவை 'நானா' என்று கூப்பிடுவார். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் படை விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டபோது, இரண்டு டெலிபோன் பெட்டிகளையும் மூன்று உருளைக் கம்பியையும் வாங்கி வந்தவர் அவர்தான். என்ன விலை என்று கேட்டதற்கு வாப்பாவிடம் ஒரு தொகை சொன்னார், உம்மாவிடம் இன்னொன்று, என்னிடம் மூன்றாவது. கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது அவருடைய பழக்கம். அதனால்தான் அவருடைய கல்யாணம் நகராமல் நின்றது. கற்பிட்டியில் ஒரு பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. பெண் கேட்டுப் போக வேண்டியவர் வாப்பா.

"அவன்ட வாய நம்பி இன்னொரு மனிசன்ட வாசல்ல நான் எப்படிப் போய்க் குந்துற?" என்றார் வாப்பா.

கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். சாச்சா நாற்பது நாள் வாடியில் தங்கிக் கொப்பறா காயவைக்க வேண்டும். ஐந்து வேளையும் தொழ வேண்டும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வாப்பா டெலிபோனில் கேட்பார். நாற்பது நாளும் நிறைந்தால் கற்பிட்டிக்குப் போவார். நான் ஒரு கொப்பியில் கணக்கு வைத்தேன். தொழுதேன் என்று அவர் சொல்லும் ஒரு "ஓம்"முக்கு ஒரு கோடு. பள்ளிக்கூட நாட்களில் பகல் தொழுகையான லுஹருக்குரிய கோட்டை உம்மாவிடம் கேட்டுப் போடுவேன்.

கம்பி இழுத்துத் தந்தவர் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்ற லைன்மேன், சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கர். மின்சாரம் மரத்தில் இறங்காமலிருக்க நூற்று நாற்பத்து மூன்று தென்னைகளில் சோடாப் போத்தல் கழுத்துகளைக் கட்டி, அவற்றின்மேல் கம்பியைக் கொண்டுபோனார். கம்பி ஒன்றுதான். போகிற மின்சாரம் கம்பியில் போகும், திரும்புவது மண்ணுக்குள்ளால் வரும் என்றார். மண்ணுக்குள் என்னென்ன இருக்கிறது, அது எப்படி வழி கண்டுபிடிக்கும் என்று கேட்டேன். அவர் பதில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: இரண்டு முனையிலும் மண்ணில் அறைந்த செப்புக் கோல் எப்போதும் ஈரத்தில் நிற்க வேண்டும். எங்கள் மணலோ இரண்டு நாளில் காய்ந்துவிடும். வீட்டுக் கோலைக் கிணற்றடியில் அறைந்தார். வாடியில் நாள் தவறாமல் தண்ணீர் விழும் இடம் எது என்று கேட்டார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளு எடுக்கிற கல்லை வாப்பா காட்டினார்.

"ஒரு நாளைக்கு அஞ்சு தரம் விழும்," என்று பெருமையாகச் சொன்னார்.

அறுபத்திரண்டு வருடம் கழித்து, உள்நாட்டு யுத்தமும் முடிந்தபின், என் மகனுடைய கந்தோருக்கு ஐ.எஸ்.டி.என். இணைப்புப் பூட்ட ஒரு பையன் வந்தான். ஒரு சோடிக் கம்பியில் இரண்டு பேர் இரண்டு கதை கதைக்கலாம், குரலை இலக்கமாக்கி அனுப்புகிறது, செக்கனுக்கு அறுபத்து நாலாயிரம் என்றான். என்னால் எண்ண முடியாததை நான் நம்புவதில்லை. மண்ணுக்குப் போகிற கம்பி எங்கே, அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டேன். பையன் என் மகனைப் பார்த்தான்.

நிபந்தனையின் முதல் வாரம் சாச்சாவின் குரல் கணீரென்று வந்தது. இரண்டாம் வாரம் மங்கியது. மூன்றாம் வாரம் வாப்பா மூச்சை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. தொழத் தொழப் பணிவு வந்து குரல் தாழ்ந்துவிட்டது என்று உம்மா சிரித்தா. நான் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டேன். முப்பது நாளில் கொப்பியில் நூற்றைம்பது கோடுகள் இருந்தன. முப்பத்தோராம் நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, விடியல் தொழுகையான சுபஹுக்குப் பிறகு கேட்டது அந்த நுளம்புச் சத்தம்தான்.

லைன்மேன் வந்து முதலில் பற்றரியை நாக்கில் வைத்துப் பார்த்தார். நல்லது. பெட்டியைத் திறந்து பார்த்தார். அதுவும் நல்லது. பிறகு அவரும் வாப்பாவும் நானும் கம்பிக்குக் கீழால் நடந்தோம். கம்பியை ஒட்டுப்போட்ட பதினொரு முடிச்சுகளையும் இழுத்துப் பார்த்தார். ஒரு போத்தல் கழுத்துக்கூட உடையவில்லை. வாடிக்குப் போனபோது சாச்சா முற்றத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். லைன்மேன் வுளுக் கல்லுக்கு அருகே குந்தி, கோலைச் சுற்றிக் கையால் தோண்டினார். முழங்கை வரை போயும் மணல் விரலிடுக்கால் மாவாகக் கொட்டியது.

"முதலாளி, இதுல தண்ணி விழுந்து மூணு கிழமைக்குக் குறையாது," என்றார்.

வாப்பாவின் காது சிவந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"கிணத்தடியில வுளு எடுத்திருப்பான்," என்றார் வாப்பா. லைன்மேனுக்குத்தான் சொன்னார், ஆனால் சாச்சாவைப் பார்த்தபடி. சாச்சா கீழே குனிந்து மணலைப் பார்த்தார். வாப்பா சாரத்தை மடித்துக் கட்டி, தானே தண்ணீர் அள்ளி வந்து, கோலடியில் ஏழு வாளி ஊற்றினார். வாளியை வாங்கப்போன சாச்சாவின் கையை விலக்கிவிட்டார்.

அன்று மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு வாப்பா கைபிடியைச் சுற்றினார். சாச்சாவின் குரல் இரண்டடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

"தொழுதியா?" என்று கேட்டார் வாப்பா.

நான் கொப்பியைத் திறந்து பென்சிலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல நானா. இண்டைக்கும் தொழல்ல, முந்தியும் தொழல்ல. முதல் கிழமை மட்டும்தான். கிணத்தடியிலயும் வுளு எடுக்கல்ல."

வாப்பா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டதாகச் சாச்சா சொன்னார். வாப்பா காதுக்கருவியை மெதுவாக வைத்தார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு வாப்பா மடிப்புச் சாரமும் துருக்கித் தொப்பியுமாக வெளிக்கிட்டு நின்றார். கற்பிட்டிக்குப் பெண் கேட்டுப் போகிறாராம். உம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் குடையை எடுத்துக் கொடுத்தா. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கொப்பியோடு அவர் ஏறிய வண்டிக்குப் பின்னால் ஓடினேன்.

"வாப்பா, நாப்பது நாள் ஆகல்லயே. சரியாப் பார்த்தா ஒரு கிழமைதான்."

வாப்பா வண்டியில் இருந்தபடி கொப்பியை வாங்கி, பக்கங்களைப் புரட்டி, திருப்பித் தந்தார்.

"நேத்து அவன்ட வாயில இருந்து ஒண்டு வந்திட்டுத்தானே," என்றார்.

நேற்றைய பக்கத்தை விரித்துப் பார்த்தேன். அதில் ஒரு கோடுகூட இல்லை. முந்தின பக்கத்தில் பார்த்தேன், அதற்கும் முந்தினதில் பார்த்தேன். வாப்பா எந்த ஒன்றைச் சொன்னார் என்று, வண்டி சந்தியில் திரும்பி மறைந்த பிறகும், மணல் ரோட்டில் நின்று தேடிக்கொண்டிருந்தேன்.